ஸ்கூட்டியிலிருந்து ஸ்பிளெண்டருக்கு: பிரேக் என்று நினைத்துக் கிளட்சைப் பிடித்துவிடுகிறேன்

மல்லிகைப்பந்தல் · ஞாயிறு, காலை 11.40

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். விழுந்ததில்லை, யாரையும் இடித்ததில்லை. இப்போது தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்து ஸ்கூட்டியை அவன் கொண்டுபோய்விட்டான். வீட்டில் அப்பாவின் 2012 ஸ்பிளெண்டர் சும்மா நிற்கிறது. முட்டி வலி வந்த பிறகு அவர் அதை ஓட்டுவதில்லை, தினமும் காலையில் துடைத்து வைப்பதோடு சரி. எனக்கு ஆபீஸ் 14 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் இதையே பழகிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் மூன்று நாள் சந்தைத் திடலில் ஓட்டினேன். கிளட்சை விட்டவுடன் வண்டி துள்ளி ஆஃப் ஆகிவிடும். பத்துத் தடவைக்கு ஏழு தடவை இப்படித்தான். அதுகூடப் பரவாயில்லை. நேற்று எங்கள் தெருவில் இரண்டாவது கியரில் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. ஒன்பது வருடப் பழக்கம், இடது கை தானாக லீவரை இறுக்கிவிட்டது. பிரேக் பிடிக்கவே இல்லை. இன்னும் லேசாகி ஓடுவது போல இருந்தது. பதற்றத்தில் வலது கை வேறு ஆக்சிலேட்டரை முறுக்கிவிட, என்ஜின் கத்து கத்தென்று கத்தியது. கடைசியில் பக்கத்தில் வீடு கட்டுவதற்குக் கொட்டியிருந்த மணலில் முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. எனக்கு அடி இல்லை. இடது பக்க இண்டிகேட்டர் போயிற்று. ஆட்டுக்குட்டி அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா திட்டவில்லை. "மணல் கிடந்துச்சே, நல்லதாப் போச்சு" என்றார், அவ்வளவுதான்.

இந்தக் கையை எப்படி மாற்றுவது? எங்கிருந்து தொடங்குவது?

கிரீஸ்கை · ஞாயிறு, பகல் 12.15

முதலில் வண்டியைப் பாருங்கள், அப்புறம் கையைப் பார்க்கலாம்.

சும்மா நின்ற வண்டி என்கிறீர்கள். கிளட்ச் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தால் லீவரை நீங்கள் எவ்வளவு மெதுவாக விட்டாலும் அது பாதியில் சிக்கி, பிறகு பட்டென்று விடும். துள்ளுவது உங்கள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். லீவரின் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறுக்கம் தொடங்குவதற்கு முன் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் பிளேட் தேயும். ரொம்ப ஆடினால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் விலகாது, கியர் கடகடக்கும். புது கேபிள் போடப் பெரிய செலவு ஆகாது. உங்கள் கை சின்னதாக இருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

டயர் காற்று முன்னால் 25, பின்னால் 28. பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட வேண்டும். செயின் தளர்ந்து தொங்கினாலும் எடுக்கும்போது உதறும்.

பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டேங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு குழாய்த் திருகு இருக்கும், ஸ்கூட்டி ஓட்டியவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஆன், ரிசர்வ், ஆஃப் என்று மூன்று நிலை உண்டு. ஓடும்போது ஆனில் இருக்க வேண்டும். பெட்ரோல் குறைந்து வண்டி திணறினால் ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். கண்ணால் பார்க்காமல் இடது கையாலேயே தடவித் திருப்பப் பழகி வையுங்கள், ஒருநாள் உதவும். இப்போது வரும் வண்டிகளில் இதெல்லாம் கிடையாது.

சக்கரக்கால் · ஞாயிறு, மதியம் 2.05

தங்கச்சி, இதே கூத்து எனக்கும் நடந்தது. எனக்கு மணல் இல்லை, மாட்டுவண்டி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் இரண்டு கையில். அதிலும் நம்மில் பெரும்பாலானவர்கள் இடது கையை மட்டுமே பிடித்து ஓட்டியிருப்போம். 2019க்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரமும் கூடவே பிடிக்கும், அதனால் வலது கையின் ஞாபகமே வராது. பைக்கில் கணக்கு வேறு. வலது பக்கம் முழுக்க நிறுத்துவதற்கு: வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக். இடது பக்கம் முழுக்க கியருக்கு: இடது கை கிளட்ச், இடது கால் கியர். இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்.

எல்லோரும் "இடது கையைத் தொடாதே, மறந்துவிடு" என்று சொல்வார்கள். நானும் இரண்டு வாரம் அப்படிப் போராடிப் பார்த்தேன், முடியவில்லை. பிறகுதான் புரிந்தது, இடது கையை மறக்க வேண்டிய தேவையே இல்லை. வண்டியைச் சட்டென்று நிறுத்தும்போது கிளட்சையும் பிடிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் ஆஃப் ஆகிவிடும். உன் இடது கை செய்ததில் தப்பு இல்லை. அது தனியாகப் போனதுதான் தப்பு. கிளட்சை மட்டும் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், வண்டி சைக்கிள் மாதிரி தன் பாட்டுக்கு ஓடும். "லேசாகி ஓடியது" என்று எழுதியிருக்கிறாயே, அது இதுதான். ஆகவே இடது கையோடு வலது கையையும் வலது காலையும் சேர்த்துக் கட்டிப்போடு. மூன்றும் ஒரே மூச்சில்.

நான் பழகிய விதம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினை ஆஃப் செய்து, வண்டியின் மேல் உட்கார்ந்துகொள்வேன். என் பையன் எதிரே நின்று, நான் எதிர்பார்க்காத நேரத்தில் "ஆடு!" என்று கத்துவான். (சில நாள் "மாடு".) கத்தியவுடன் வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக், இடது கை கிளட்ச். ஒரு நாளைக்கு 50 தடவை. தெருவே சிரித்தது. பத்து நாளில் கை தானாகப் போக ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, பதறும்போது வலது கை ஏன் முறுக்கியது என்று யோசித்தாயா? மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்திருப்பாய். அப்படி இருந்தால் பிரேக் லீவருக்கு விரலை நீட்டும்போது ஆக்சிலேட்டரும் கூடவே திரும்பும். மணிக்கட்டு மேசை மேல் வைத்த மாதிரி நேராக இருக்கட்டும்.

பழகும் வரை யாருடைய ஸ்கூட்டியையும் தொடாதே.

பழையபுல்லட் · ஞாயிறு, மாலை 6.30

அம்மா, கை மாறுவதாவது பரவாயில்லை. எனக்குக் கால் மாறியது. அந்தக் காலத்துப் புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 25 வருடம் அதை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற பிறகு இடது கால் கியர் வண்டி வாங்கினேன். முதல் வாரம் பிரேக் என்று கியரை மிதித்ததும், கியர் என்று பிரேக்கை மிதித்ததும் எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அறுபது வயதில் எனக்கு ஒரு மாதம் என்றால் உங்களுக்குப் பாதி போதும்.

கிளட்ச் பழக நான் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. சமதளத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. வலது கையை அதிலிருந்து எடுத்துவிட்டால்கூட நல்லது. இரண்டு காலும் தரையில். இப்போது லீவரை நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி முன்னால் போக முனகும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். விடவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். வண்டி நடக்கிற வேகத்தில் நகரும், நீங்களும் கூடவே காலால் நடங்கள். நாலு அடி போனதும் லீவரைப் பிடியுங்கள், பிரேக் போடுங்கள். மறுபடி. இப்படி ஒரு மணி நேரம். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் துள்ளுகிறவர்கள் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்றுதான், வண்டி நகர ஆரம்பித்த சந்தோஷத்தில் மீதி லீவரை மொத்தமாக விட்டுவிடுவார்கள். நகர்ந்த பிறகும் ஒரு வினாடி அங்கேயே பிடித்திருக்க வேண்டும்.

இது கைவந்த பிறகுதான் ஆக்சிலேட்டர்.

வண்டி கனம் என்று பயப்பட வேண்டாம். ஸ்பிளெண்டர் 110 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உங்கள் ஸ்கூட்டியோடு பெரிய வித்தியாசம் இருக்காது.

நாலுரோடு · ஞாயிறு, இரவு 8.10

மேலே எல்லோரும் முன் பிரேக், முன் பிரேக் என்கிறார்கள். புதிதாகப் பழகுபவர்கள் அதைத் தொடவே கூடாது. தூக்கி எறிந்துவிடும். கால் பிரேக் மட்டும் போதும். 20 வருடமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். என் சித்தப்பா மகன் முன் பிரேக் பிடித்துத்தான் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான்.

ராத்திரிசவாரி · ஞாயிறு, இரவு 11.55

இப்போதுதான் டெலிவரி முடித்து வந்தேன், இதற்குப் பதில் எழுதாமல் தூக்கம் வராது.

நாலுரோடு அண்ணா, உங்கள் தம்பி விழுந்த இடத்தில் மணலோ ஜல்லியோ இருந்ததா, வளைவா என்று கேட்டுச் சொல்லுங்கள். அநேகமாக இரண்டில் ஒன்று இருக்கும்.

பிரேக் பிடித்தவுடன் நம் உடம்பு முன்னால் சாய்கிறது இல்லையா, வண்டியின் பாரமும் அப்படியே முன்சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர் ரோட்டில் அழுந்தும், பின் டயர் லேசாகும். லேசான டயரை மட்டும் பிடித்தால் அது வழுக்கிக்கொண்டு போகுமே தவிர நிற்காது. நிறுத்தும் வேலையில் பெரிய பங்கு முன் பிரேக்குடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். ஆட்டைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை லீவருக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு வினாடி முடிந்துவிடும். அதற்குப் பிறகும் கால் பிரேக் மட்டும் என்றால் ஆடு, மாடு, லாரி எல்லாவற்றையும் தாண்டித்தான் நிற்போம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு, அதையும் மறக்க வேண்டாம்.

விழ வைப்பது முன் பிரேக் இல்லை, அதைச் சுண்டி இழுப்பது. பால் கறக்கத் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். காம்பைப் பிடித்து இதமாக அழுத்தினால் பால் வரும், வெடுக்கென்று இழுத்தால் மாடு உதைக்கும். விரல்களால் தொட்டு, முன்பாரம் இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிடிக்காமல் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

முன் பிரேக்கை அளந்து தொட வேண்டிய இடங்களும் இருக்கின்றன: ரோட்டோர மணல், மழை பெய்த முதல் பத்து நிமிடம், சாணி, ஈரமான வெள்ளைக் கோடு, அப்புறம் ரோட்டில் காயப்போட்ட உளுந்து, சோளத்தட்டை. உளுந்து மேல் ஏறினால் குண்டுமணி மேல் நடப்பது மாதிரிதான். அங்கெல்லாம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, திருப்பாமல், பிடிக்காமல் கடந்துவிடுங்கள்.

நாலுரோடு · திங்கள், காலை 7.20

கேட்டேன். ஜல்லிதான். வளைவும் தான். சரி. ஆனாலும் திடலில் பழகிவிட்டு ரோட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல் · புதன், இரவு 9.30

கேபிள் மாற்றியாயிற்று. லீவர் இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. கிரீஸ்கை அண்ணா, பாதித் தப்பு நிஜமாகவே வண்டியுடையதுதான்! புல்லட் ஐயா சொன்ன நடைப் பயிற்சியும் இரண்டு மாலை செய்தேன். இன்று இருபதில் இரண்டே தடவைதான் ஆஃப் ஆனது. "ஆடு!" என்று கத்த அப்பாவை நியமித்திருக்கிறேன். அவர் ஆர்வக்கோளாறில் நான் காப்பி குடிக்கும்போதும் கத்துகிறார்.

இப்போது கியரில் குழப்பம். எந்த வேகத்தில் எந்த கியர் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சிக்னலில் நியூட்ரலா, முதல் கியரா? மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருளுகிறது, அதற்கு என்ன செய்வது?

பழையபுல்லட் · வியாழன், காலை 6.10

கியரைக் காதால் போடுங்கள். என்ஜின் கத்தினால் அடுத்த கியர் கேட்கிறது. கடகடவென்று உதறி மூச்சு வாங்கினால் குறைக்கச் சொல்கிறது. ஸ்பிளெண்டரில் 40ஐத் தொடும்போது நாலாவதில் இருப்பீர்கள், அதற்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டாம். உங்கள் வண்டியில் நாலு கியரும் முன்னால் மிதிப்பதுதான், குறைக்கக் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும். பல்சர் மாதிரி வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் இரண்டுக்கும் நடுவில். யாராவது வண்டியை மாற்றிக் கொடுத்தால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்தப் போகும்போது ஒவ்வொரு கியராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாலாவதில் நின்றுவிட்டு அங்கே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவன் ஹாரனைக் கையிலிருந்து எடுக்க மாட்டான். சிக்னலில் நீண்ட நேரம் என்றால் நியூட்ரல், பத்து வினாடிதான் என்றால் முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி.

ஏற்றத்தில் இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். வண்டி உருளாது. கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முனகியதும் கொஞ்சம் முறுக்கி, அப்புறம்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் பிளேட் கருகும்.

இறக்கத்தில் இன்னொரு விஷயம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவார்கள், நானும் செய்திருக்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் பின் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானமே போய்விட்டது. அன்றிலிருந்து எந்த கியரில் ஏறுவேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன். என்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எட்டுபோட்டவன் · வியாழன், காலை 10.45

யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கானதா? ஸ்கூட்டியில் எட்டுப் போட்டு வாங்கியிருந்தால் அப்படித்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டரை ரோட்டில் எடுத்தால் லைசென்ஸ் இல்லாத மாதிரிதான். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறி. கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், போடுங்கள். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் எல் போர்டு, கற்றுத்தருபவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

எட்டுக்கு ஒரே ஒரு ரகசியம்தான். முதல் கியரில், ஹாஃப் கிளட்சில் (லீவரைப் பாதி மட்டும் விட்டு), பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து எங்கே திரும்பப் போகிறீர்களோ அங்கே பார்க்க வேண்டும், வண்டி பார்வைக்குப் பின்னாலேயே வரும். நான் இரண்டு தடவை ஃபெயில் ஆனது வெள்ளைக் கோட்டையே முறைத்துப் பார்த்ததால்தான்.

சக்கரக்கால் · வியாழன், மதியம் 1.30

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே சொருகிக்கொள், ஸ்கூட்டி மாதிரி இதில் சக்கரம் மறைந்திருக்காது. சைடு ஸ்டாண்டை எடுத்தேனா என்று காலால் ஒரு தடவை தட்டிப் பார். புது வண்டி சிலவற்றில் ஸ்டாண்ட் போட்டிருந்தால் என்ஜின் ஓடாது, உன் 2012 வண்டி சத்தமில்லாமல் ஓடும். முதல் இடது திருப்பத்தில் அந்த ஸ்டாண்ட் தரையில் இடித்துத் தூக்கிப் போட்டுவிடும்.

ஹெல்மெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வாரை மாட்டு, அவ்வளவுதான்.

மல்லிகைப்பந்தல் · ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 7.50

டெஸ்ட் பாஸ். எட்டில் கால் ஊன்றவில்லை. எனக்கு முன்னால் போன பையன் புது வண்டியில் கோட்டைத் தாண்டிப் போய் ஆபீசர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், அதைப் பார்த்தே பாதி பயம் போய்விட்டது.

இந்த வாரம் முழுக்க வண்டியில்தான் ஆபீஸ் போனேன். கையைப் பற்றித்தானே இந்த இழையைத் தொடங்கினேன், அதைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு ஷேர் ஆட்டோ சிக்னல் கூடப் போடாமல் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கி ஆள் ஏற்ற நின்றது. எனக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் பார்த்தேன், வலது கை, வலது கால், இடது கை மூன்றும் பிடித்திருந்தன. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டோவிலிருந்து இறங்கிய பாட்டி "நல்லாப் புடிச்ச தாயி" என்றது.

நேற்று இன்னொன்று. பாதி வழியில் வண்டி திணறி, இழுத்து இழுத்து நிற்கப் பார்த்தது. ஒரு வினாடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கிரீஸ்கை அண்ணா சொன்ன திருகு ஞாபகம் வந்தது. கீழே பார்க்காமல் தடவித் திருப்பினேன், நாலு தடவை இருமிவிட்டுப் பழையபடி ஓடியது. அடுத்த பங்க்கில் 300 ரூபாய்க்குப் போட்டேன். திருகு இன்னும் ரிசர்விலேயே இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கிரீஸ்கை · சனி, இரவு 8.05

விடாதீர்கள், இப்போதே எழுந்து போய் ஆனுக்குத் திருப்புங்கள். ரிசர்விலேயே ஓட்டினால் அடுத்த தடவை திணறும்போது திருப்ப ஒன்றும் இருக்காது, பங்க் வரை தள்ள வேண்டியதுதான்.

அந்த இண்டிகேட்டரை மாற்றினீர்களா?